கடைசியாக நின்றவளின் முகம்

காலை ஐந்தரை மணிக்கு ஸ்ரீராம்புரம் மைதானத்துத் தண்ணீர்த் தொட்டி பக்கம் போனால் ஆதிகேசவனைப் பார்க்கலாம். தெருக் கூட்டும் பெண்கள் அட்டெண்டன்ஸ் கொடுக்க வரிசையில் நிற்கும் இடம் அது. அவர் எதிர்ப்புறத்தில், இன்னும் திறக்காத டீக்கடை ஷட்டரை ஒட்டி, குல்லாவைக் காது வரை இழுத்து விட்டுக்கொண்டு நிற்பார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வருவார். வரிசை கலைந்து பெண்கள் அவரவர் தெருவுக்குப் போனதும் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். மழையானாலும் பண்டிகையானாலும் இதில் மாற்றம் கிடையாது. இரண்டு வருடமாக இப்படித்தான்.

"வந்துட்டாருடி மாமா, பொண்ணு பாக்க!" என்று யாராவது ஒருத்தி ஆரம்பிப்பாள். "இத்தினி பேர்ல ஒண்ணு கூடவா புடிக்கல மாமா?" என்பாள் இன்னொருத்தி. அவர் சிரிக்க மாட்டார், கோபிக்கவும் மாட்டார். தெருவில் பாதிப் பேர் அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

புத்தியெல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. அவர் ஒரு பெண்ணைத் தேடுகிறார். அவள் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவள் பெயர் தெரியாது, வீடு தெரியாது. அவள் இல்லாமல் போயிருந்தால் அதற்குக் காரணம் அவர் மட்டும் அல்ல, நானும்தான். அதனால் இதை ஊர் வாய்க்கு விட்டுவிடாமல் நானே சொல்கிறேன்.

என் பெயர் பிரபா. பார்மசி டிப்ளமா படித்தவள். ஆதிகேசவனின் மருந்துக் கடைச் சுவரில் பன்னிரண்டு வருடம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியவள். கடையில் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே இருந்தது என் சான்றிதழ். அதன் மூலையில் இருபத்து மூன்று வயதில் எடுத்த என் போட்டோ. ஆள் இருந்தது அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு கம்பெனியின் ஏசி அறையில். சான்றிதழை இப்படிக் கடைக்கு வாடகைக்கு விடுவது நான் மட்டுமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஏசி அறையில் எனக்கு என்ன வேலை தெரியுமா? வெளிநாட்டு நோயாளிகளுக்கு மருந்தால் வந்த கெடுதல்களைப் படித்துக் கம்ப்யூட்டரில் பதிவது. நார்வேயில் ஒரு பெரியவருக்கு மாத்திரை சாப்பிட்டுக் கை அரித்தால்கூட என் மேஜைக்கு வந்துவிடும். என் போட்டோவுக்குக் கீழே நின்று ஸ்ரீராம்புரத்துப் பெண்கள் எதை விழுங்கினார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

கேசவண்ணன் பிறந்து வளர்ந்ததெல்லாம் ஸ்ரீராம்புரம்தான். பி.யு.சி. தேறவில்லை. அப்பா வேலை பார்த்த மில் மூடியதும் பதினெட்டு வயதில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராகச் சேர்ந்தார். சேர்ந்த முதல் மழைக்காலத்தில், மூச்சு முட்டி உதடு நீலம் பாய்ந்த நாலு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் ஓடி வந்தாள். டாக்டர் ஆக்சிஜன் வைத்தார். பிறகு ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை உடைத்து ஊசி போட்டார். மாலைக்குள் அந்தக் குழந்தை எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டது.

"இன்னா மருந்து சார் இதுன்னு கேட்டேன். ஸ்டீராய்டுடா, நம்ம ஒடம்பு தானா சுரக்கறதப் பாத்து மனுஷன் ஃபேக்டரில செஞ்சு வெச்சிருக்கான்னாரு. அன்னிக்கே அதுக்கு ஒரு கும்புடு போட்டேம்மா" என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

கும்பிட்டதில் தப்பில்லை. ஆஸ்துமாக்காரர், முடக்குவாதம் வந்தவர், வேறொருவர் சிறுநீரகத்தை வாங்கி வைத்துக்கொண்டவர், கொரோனாவில் ஆக்சிஜனோடு கிடந்தவர் என்று எத்தனையோ பேர் அந்த மருந்தால் இன்று நடமாடுகிறார்கள். எவ்வளவு, எத்தனை நாள் என்பது டாக்டர் கையில் இருந்தது. டாக்டர் காலமாகி, கம்பவுண்டர் சொந்தக் கடை வைத்தபோது, மருந்து மட்டும் கடைக்கு வந்தது. அந்தக் கணக்கு வரவில்லை.

கடையைக் காலை ஐந்து மணிக்கே திறந்துவிடுவார். அந்தப் பெண்களுக்காகத்தான். குனிந்து பெருக்கிப் பெருக்கி இடுப்பும் முட்டியும் மணிக்கட்டும் விட்டுப்போனவர்கள் அவர்கள். வலி என்று படுத்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். "அண்ணா, ஒரு செட் குடு" என்று வந்து நிற்பார்கள். வலி மாத்திரை ஒன்று, வயிறு எரியாமல் இருக்க ஒன்று, கூடவே ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, இதுதான் செட். அட்டையைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி, பழைய காலண்டர் தாளில் மடித்துக் கொடுப்பார். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் இருக்காது. அந்த வெள்ளை மாத்திரைதான் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு. அதை விழுங்கினால் மத்தியானத்துக்குள் வலி போன இடம் தெரியாது.

கேசவன் கை ராசியான கை என்று பேர் வந்தது. வலிக்கிற நாளில் மட்டும் வந்தவர்கள் தினமும் வர ஆரம்பித்தார்கள். அவர் காலையில் விளக்கேற்றிய கையோடு பதினோரு பொட்டலம் மடித்து வைத்துவிடுவார். பதினோரு பெண்கள், ஆறு வருடம்.

"எலும்பும் தோலுமா வந்துச்சுங்க பிரபாம்மா. இப்போ ஒவ்வொண்ணும் எப்டி ஒடம்பு தேறி நிக்குதுங்க தெரியுமா" என்று அவர் பெருமையாகச் சொல்லும்போது நான் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பேன். நான் வருவதே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஞாயிறு மத்தியானம். அந்தப் பெண்களை நான் பார்த்ததே இல்லை.

இரண்டு வருடம் முன்பு ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை எனக்கு ஊருக்கு ரயில் இருந்தது. போகிற வழியில் கையெழுத்தை முடித்துவிடலாம் என்று ஐந்து மணிக்கே கடைக்குப் போனேன். டியூப் லைட் வெளிச்சத்தில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள்.

ஒருத்திக்கு முப்பது வயது இருக்கும், ஒருத்திக்கு ஐம்பதுக்கு மேல். ஒருத்தி கறுப்பு, ஒருத்தி சிவப்பு. ஆனால் எல்லோருக்கும் ஒரே முகம். வட்டமாக உப்பி, கண்கள் உள்ளே போய், கன்னம் சிவந்து, மேலுதட்டிலும் மோவாயிலும் பூனை முடி அரும்பிய முகம். பிடரியில் சதைத் திரட்சி. ஒரு தாய் வயிற்றில் பிறந்த பதினோரு பேர் போல நின்றிருந்தார்கள். டாக்டர்கள் இதை நிலா முகம் என்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கும்.

முதலில் நின்றவளின் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அதில் இருந்த போட்டோவில் கன்ன எலும்பு துருத்திய, ஒடுங்கிய முகம்.

"யாரோட கார்டும்மா இது?" என்று கேட்டேன்.

"என்னுதுதான் மேடம். பாகீரதி" என்று சிரித்தாள். "அப்போ ஒல்லியா இருந்தேன். அண்ணன் மாத்திரைலதான் சதை போட்டேன்."

கடைசியாக நின்றவள் தலையில் துண்டைச் சுற்றி, மற்றவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்றாள். "நோவுண்ணா" என்றாள். பொட்டலத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். அவளை நான் பார்த்தது அவ்வளவுதான்.

அவர்கள் போனதும் கேசவண்ணனைப் பிடித்துக்கொண்டேன். என் கோபம் வீட்டிலும் பிரசித்தம், ஆபீசிலும் பிரசித்தம். "அறிவு இருக்காண்ணா உங்களுக்கு? எலும்பு அரிச்சுப் போயிடும், சர்க்கரை ஏறிடும், கண்ணு போயிடும். இதையா தேறிடுச்சுன்னு சொல்லிட்டிருந்தீங்க? நாளைலருந்து அந்த வெள்ளை மாத்திரை ஒருத்திக்கும் போகக் கூடாது. போச்சுன்னா, என் சர்டிபிகேட்டை நானே கழட்டிட்டுப் போயிடுவேன்!"

அவருக்கு முகம் வெளிறிவிட்டது. "நல்லதுன்னு நெனச்சும்மா..." என்று இழுத்தார். பிறகு கல்லாவைத் தொட்டு, "சத்தியமா நாளைலருந்து கெடையாதும்மா" என்றார். நான் ரயிலுக்குப் போய்விட்டேன். நல்ல காரியம் செய்த திருப்தியில் ஜோலார்பேட்டை வரை தூங்கினேன்.

வருடக்கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே போனால், அதை உடம்புக்குள் சுரக்க வேண்டிய சுரப்பி தன் வேலையை மறந்துவிடும். வெளியிலிருந்து வருவதை ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பில் அது அறவே இருக்காது. ரத்த அழுத்தம் விழும், சர்க்கரை விழும், ஆளும் விழுவார். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அந்த வாரம் மட்டும் இப்படி இரண்டு கேஸ் என் கையால் பதிந்திருந்தேன். ஆனால் கோபம் வந்தால் எனக்கு வாய் முந்திக்கொள்ளும், படிப்பு பின்னால்தான் வரும். நிறுத்துங்கள் என்று சொன்னேன். எப்படி நிறுத்துவது என்று சொல்லவில்லை.

அவர் சத்தியத்தைக் காப்பாற்றினார். வெள்ளை மாத்திரை இருந்த இடத்தில் அதே அளவில் ஒரு சத்து மாத்திரையை வைத்து, அதே காலண்டர் தாளில் மடித்துக் கொடுத்தார். அவர்களிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாளே, "அண்ணா, செட்ல என்னமோ கொறையுதே" என்றார்கள். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது என்றார்கள். குடியை விட்டவனுக்கு நாலு நாள் கை நடுங்குவது போலத்தான் இதுவும் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆறாம் நாள் ஒரு பொட்டலம் மிஞ்சியது. கடைசியாக நிற்பவள் வரவில்லை. லீவு போட்டிருப்பாள் என்று அதை டப்பாவில் போட்டு வைத்தார்.

ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, பாகீரதி குப்பை வண்டியைப் பிடித்தபடியே தெருவில் விழுந்தாள். அவள் மகள் தீபிகா ஜவுளிக்கடை வேலையை விட்டு ஓடி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். பதினோரு மணிக்கு எனக்குப் போன் வந்தது.

"பிரபாம்மா, பாகீரதி விழுந்துடுச்சு. பிரஷர் எறங்கினே போவுதாம். பாட்டில் ஏத்தியும் ஏற மாட்டேங்குது. டெங்குவான்னு டெஸ்ட்டு எடுக்கறாங்க. கூப்ட்டா முழிக்க மாட்டேங்குதும்மா."

அவர் பேசி முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. ஆறு வருடம் ஸ்டீராய்டு சாப்பிட்டாள், ஒன்பது நாள் முன்பு நிறுத்திவிட்டாள் என்று டாக்டரிடம் சொன்னால் போதும். ஒரே வாக்கியம். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"யார்கிட்டயும் எதுவும் சொல்லாதீங்கண்ணா. நான் வர்றேன்."

சுவரில் தொங்கும் என் போட்டோதான் அந்த நிமிடம் கண்ணுக்கு முன்னால் நின்றது. பிறகு என் வேலை, என் பதிவு எண். ஆட்டோ பிடித்தேன். சில்க் போர்டு சிக்னலில் மட்டும் நாற்பது நிமிடம். மொத்தம் ஒரு மணி ஐம்பது நிமிடம் போன் என் கையிலேயே இருந்தது. எப்போது வேண்டுமானாலும் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம். என் பெயர் வராமல் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பாகீரதி கண் விழித்து மகளிடம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள். கேசவண்ணன் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மாத்திரை டப்பா.

"சொல்லிட்டேம்மா. போன வெச்சதுமே உள்ள போயி சொல்லிட்டேன்" என்றார். "நீங்க வர வரைக்கும் தாங்காதுன்னு தோணுச்சு."

டப்பாவை டாக்டர் மேஜையில் கொட்டி, "நானே கொட்டித்து சார், ஆறு வர்ஷா" என்று கன்னடத்தில் சொல்லியிருக்கிறார். நான்தான் கொடுத்தேன், ஆறு வருடமாக என்று. டாக்டர் ஒரு பார்வை பார்த்தாராம். திட்டக்கூட நேரம் இல்லாமல் ஊசிக்கு ஆள் அனுப்பினாராம். நரம்பில் ஏறியது ஹைட்ரோகார்ட்டிசோன், அதுவும் ஸ்டீராய்டுதான்.

"அதே சரக்கும்மா. அன்னிக்கி அந்தக் கொழந்தைக்குப் போட்டாங்களே, அதே ஜாதி. கொஞ்ச நேரத்துல கண்ணத் தொறந்துச்சு" என்று சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "யாரு நிறுத்தச் சொன்னதுன்னு கேட்டாரு. நானேதான்னு சொல்லிட்டேன்."

நான் உள்ளே போய், "அவர் இல்லை, நான்தான் சொன்னேன்" என்று திருத்தியிருக்க வேண்டும். போகவில்லை.

அவர் எழுந்து நின்று கேட்ட அடுத்த கேள்வி, "மத்ததுங்க?" என்பது. அன்றும் மறுநாளும் சந்து சந்தாக நடந்தார். ஒன்பது பெண்களை வீடு தேடிக் கண்டுபிடித்தார். இரண்டு பேர் எழ முடியாமல் படுத்திருந்தார்கள். எல்லோரையும் ஆஸ்பத்திரியில் கொண்டு போய் நிறுத்தினார். எந்த மாதம் எவ்வளவு குறைப்பது என்று ஒவ்வொருத்திக்கும் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். பாகீரதியோடு பத்துப் பேர். டப்பாவில் மிஞ்சிய பொட்டலத்துக்கு உரியவளை மட்டும் காணவில்லை.

கூட நின்ற பெண்களுக்கும் அவள் பெயரோ வீடோ தெரியவில்லை. அட்டெண்டன்ஸ் எடுக்கும் மேஸ்திரியிடம் கேட்டார். "துண்டு கட்டினு கடைசில நிக்குமே, அதா? அது கான்ட்ராக்ட்டு. அக்கா கார்டுல தங்கச்சி வருது, தங்கச்சி கார்டுல நாத்தனா வருது. வந்தா எழுதிக்குவேன், வராட்டி வேற ஆளு" என்றானாம் மேஸ்திரி. ஆறு வருடம் தினமும் அவளுக்குக் கையில் பொட்டலம் கொடுத்தவர் ஒரு நாளும் பெயர் கேட்டதில்லை. மருந்துக் கடையில் யார் பெயர் கேட்கிறார்கள்? நோவு என்பாள், கொடுப்பார், கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் விசாரித்து, கடைக்குச் சீல் வைத்தார்கள். அதற்கு முந்தின நாள் அவர் என் சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றி, பேப்பரில் சுற்றி, பஸ் பிடித்து நீலசந்திராவில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டு வந்தார். "நீங்க மூணு மாசம் முன்னாடியே வேணாம்னுட்டுப் போயிட்டதா எழுதிக் குடுத்துட்டேம்மா. ஒங்க பேரு எங்கயும் வராது" என்றார். நான் வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டேன். காபி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைத்தான் கேட்டேன்.

அதற்குப் பிறகுதான் இந்தத் தண்ணீர்த் தொட்டி. கான்ட்ராக்ட் பெண்களை இப்போதெல்லாம் வார்டு வார்டாக மாற்றுகிறார்கள், சுற்றிக்கொண்டு ஒரு நாள் இங்கே வந்துதானே ஆக வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. போன வருடத்திலிருந்து சனிக்கிழமைகளில் நானும் போகிறேன். அவர் பக்கத்தில் அல்ல. பத்தடி தள்ளி, முகத்தில் மாஸ்க்கோடு.

இந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. நல்ல குளிர். வரிசை முடிந்து பெண்கள் கலையும்போது, ஒல்லியான ஒரு பெண் அவரை நோக்கி நேராக வந்தாள். அவர் அவளைப் பார்த்தார். பார்வையை நகர்த்தி அவளுக்குப் பின்னால் வந்தவளைப் பார்த்தார். அவள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாண்ணா, பாத்தும் பாக்காத மாரி இருக்கே?"

"யாரும்மா நீ?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

அவள் சிரித்தாள். கழுத்து அட்டையைத் தூக்கி முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். அட்டையிலும் கன்ன எலும்பு, முகத்திலும் கன்ன எலும்பு. இரண்டும் இப்போது ஒரே ஆள். "நாந்தாண்ணா, பாகீரதி! வேற வார்டுல போட்டிருந்தாங்க. மாத்திரையெல்லாம் கொறைச்சுக் கொறைச்சு தீவாளியோட நிறுத்தியாச்சு. பழைய மூஞ்சி வந்துடுச்சு, இல்ல?"

அவர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மேஸ்திரி கூப்பிட்டதும், "வரேண்ணா" என்று அவள் போய்விட்டாள். அவர் டீக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். நான் கிட்டே போனேன்.

"ஆறு வருஷம் இந்தக் கையால மாத்திர குடுத்தேன். ஆஸ்பத்திரில தல மாட்டுல நின்னேன். எனக்கு அடையாளம் தெரியலம்மா" என்றார். "அந்தப் பொண்ணு உசுரோட இருந்தா, அதுக்கும் மூஞ்சி எறங்கியிருக்குமே. நான் தேடறது நான் ஊத வெச்ச மூஞ்சிய. அதோட சொந்த மூஞ்சிய நான் பாத்ததே கெடையாதே. இத்தினி நாளு என் எதுக்கயே நடந்து போயிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காதேம்மா."

 

இனி வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை சந்தேகத்தோடு போனேன். வந்திருந்தார். ஆனால் ஷட்டரை ஒட்டி நிற்கவில்லை. தெருவிளக்குக்கு நேர் கீழே, வெளிச்சத்தில் நின்றிருந்தார். குல்லா கையில் இருந்தது. பனி இறங்கிக்கொண்டிருந்தது, வெறுந்தலையோடு நின்றார்.

"குல்லாவைப் போடுங்கண்ணா, ஜன்னி கண்டுடப் போவுது" என்றேன்.

"வேணாம்மா" என்றார். "அந்தப் பொண்ண எனக்கு அடையாளம் தெரியாது. என்னெ அதுக்குத் தெரியும்ல. கிட்ட வந்து நாலு வார்த்த திட்டிட்டுப் போனாக்கூட போதும்."

ஆறு வருடம் அவள் அந்தக் கடைக்கு வந்திருக்கிறாள். அவர் தலைக்கு மேலே சுவரில் நானும் இருந்திருக்கிறேன். மாஸ்க்கைக் கழற்றிப் பையில் வைத்தேன். அவர் பக்கத்தில் போய் வெளிச்சத்தில் நின்றேன்.

வரிசை நகர்ந்தது. ஒவ்வொருத்தியும் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். கடைசியாக நின்றவள் அட்டெண்டன்ஸ் கொடுத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமலே போனாள்.